கடைசி இரண்டு சுற்று

நட்டை முறுக்கி முடித்ததும் சூசைராஜ் சாவியை உடனே கீழே வைக்க மாட்டான். அதை இடது கக்கத்தில் இடுக்கிக்கொள்வான். வலது கட்டைவிரல் நகத்தை, நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்டின் முனையில் வைத்து மெதுவாக இழுப்பான். நகம் திருகு மரைகளின்மேல் தட்டித் தட்டி இறங்கும். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று மரை வெளியே வந்திருந்தால்தான் அவன் கணக்கில் அந்த நட்டு முறுகியது. அப்புறம்தான் பழந்துணியால் விரலைத் துடைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போவான். பத்து வருஷப் பழக்கத்தில் அந்த ஒரு நகம் நடுவில் பள்ளம் விழுந்து, எத்தனை சோப்புப் போட்டாலும் வெளுக்காத கறுப்பாகிவிட்டிருந்தது.

"என்ன சூசை, ஜெபமாலை உருட்டுறியா?" என்பான் டிரைவர் சேவுகன், ஒவ்வொரு தடவையும்.

"ஒங்க உசுருக்குத்தாண்ணே உருட்டுறேன்."

"அப்ப நல்லா உருட்டு. எனக்கு மூணு பிள்ளை."

புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகிற ரோட்டில், ஊர் முடியும் இடத்தில் ரத்தினவேலின் மோட்டார்ப் பட்டறை இருந்தது. தகரக் கொட்டகை, நடுவில் ஒரு வேப்பமரம், எட்டு ஆட்கள். ஆவூரிலிருந்து பிழைக்க வந்த சூசைராஜ் அங்கே தலைமை பிட்டர். முப்பத்துநாலு வயது. அதிகம் பேச மாட்டான். எட்டுப் பேரில் வேதக்காரன், கிறிஸ்தவன், அவன் ஒருவன்தான். அதை யாரும் குத்திக் காட்டியதில்லை, ஒரே ஒரு தடவையைத் தவிர.

ஜெர்மன் சண்டை தொடங்கி இரண்டாவது வருஷம். கார்ச் சாமான் எதுவும் லேசில் கிடைக்காது. ராயவரத்துச் செட்டியார் ஒருவரின் அமெரிக்கன் காருக்குப் பின்பக்க ஸ்பிரிங் கட்டு போய்விட்டது. வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, அச்சின்மேல் பக்கத்துக்கு ஒன்றாகக் கட்டியிருப்பார்களே, அதுதான். மதராசுக்கு எழுதி, ஏழு வாரம் கழித்துப் புதுக் கட்டு வந்து சேர்ந்தது. வந்த நாள் ஆயுத பூசைக்கு முதல் நாள்.

செட்டியாரின் டிரைவர்தான் சேவுகன். வல்லத்திராக்கோட்டைக்காரன். பட்டறை வாசலிலேயே சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டான்.

"நாளைக்கு வண்டி வீட்ல நிக்கணுமாம். ஆச்சி மாலை கட்டி வச்சிருக்காக. சாயங்காலம் திருமயம் கோட்டைப் பைரவரைப் பாக்கப் போகணுமாம். வண்டி இல்லாமப் போனேன்னா என்னைய நுகத்தடியில பூட்டிருவாக."

சூசைராஜ் அன்று பொழுது சாயும்வரை வண்டிக்கு அடியில்தான் கிடந்தான். வண்டியை மரக்கட்டைமேல் தூக்கி நிறுத்தி, பழைய ஸ்பிரிங் கட்டைக் கழற்றி, புதியதை மாட்டி, அச்சோடு சேர்த்துப் பிடிக்கும் வளைந்த போல்ட்டுகள் நான்கையும் பூட்டினான். எட்டு நட்டு. எட்டையும் முறுக்கினான். ஆனால் அது பாதி வேலைதான். புதுப் பட்டைக்கு இரண்டு முறுக்கு உண்டு. வண்டி தூக்கி நிற்கும்போது ஒன்று. தரையில் இறக்கி, பின்சீட்டில் நாலு ஆளை ஏற்றி உட்காரவைத்து, பட்டைகள் பாரத்தில் ஒன்றோடொன்று அழுந்திய பிறகு இன்னொன்று. அப்போது ஒவ்வொரு நட்டும் தாராளமாக இரண்டு சுற்று உள்ளே போகும். அந்த இரண்டு சுற்று போகாத கட்டு, வெளியே பார்த்தால் கட்டு, உள்ளுக்குள் ஒன்றுமில்லை.

இருட்டிவிட்டது. காலையில் இறக்கி முறுக்கிக்கொள்ளலாம் என்று கை கழுவினான்.

காலையில் அவன் வரும்போது பட்டறை வேறாக இருந்தது. தரை கழுவி, மாக்கோலம் போட்டு, வேப்பமரத்தில் மாவிலை கட்டியிருந்தது. சாவி, சுத்தியல், திருப்புளி எல்லாவற்றையும் முதலாளி ரத்தினவேலே கெரசினில் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் பலகையில் அடுக்கியிருந்தார். நடுவில் நட்டு முறுக்கும் அந்தப் பெரிய சாவி, செவ்வரளிப் பூவோடு. வண்டியையும் யாரோ கட்டையிலிருந்து இறக்கிக் கழுவி வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். சூடம் காட்டி முடிந்துவிட்டது. அடுக்கியது அடுக்கியபடி மறுநாள் காலைவரை இருக்கும். அதுவரை யாரும் அதைத் தொடுவதில்லை.

சூசைராஜ் சாவியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

வேறு யாராவதாக இருந்தால், பிச்சையோ ராக்கனோ, "ஆத்தா, பொறுத்துக்க" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு எடுத்திருப்பார்கள். ரத்தினவேலும் முணுமுணுத்துவிட்டு விட்டிருப்பார். ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே நாளில், வழியில் நின்றுபோன பஸ்ஸுக்காக அவன் பலகையிலிருந்து ஒரு திருப்புளியை எடுத்திருந்தான். எட்டாம் நாள் முதலாளி வீட்டுக் கறவை மாடு செத்தது. முதலாளியின் மனைவி அழகம்மாள் பட்டறை வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்: "வேதக்காரன் கைய வச்சான்ல. அவனுக்கு என்ன, அவுக சாமியா கோவிச்சுக்கும்?"

அன்றைக்கு அவன் குனிந்து வேலையைப் பார்த்தான். ஆனால் கேட்டது போகவில்லை. செருப்புக்குள் மணல் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

"முதலாளி, இந்த வண்டிய நாளைக்கு விடலாமா?"

தேங்காய் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்த ரத்தினவேல் நிமிர்ந்தார். "ஏன், என்ன பாக்கி?"

இரண்டு சுற்று பாக்கி என்று சொல்லியிருக்கலாம். அழகம்மாள் பொரியில் சர்க்கரை கலந்துகொண்டு பக்கத்திலேயே நின்றாள்.

"பாக்கின்னு இல்ல. இன்னொரு தடவை பாத்துட்டா நல்லது."

"நீ பாத்ததுக்கு மேல என்னத்தடா பாக்குறது? செட்டியார் வீட்ல மாலையோட நிக்கிறாக. போகட்டும்."

சேவுகன் ஏற்கெனவே உள்ளே ஏறி உட்கார்ந்து, மடியில் ஒரு பொட்டலம் பொரியை வைத்துக் கொறித்துக்கொண்டிருந்தான். சூசைராஜ் ஜன்னலோரம் போய் நின்றான்.

"அண்ணே, நாளைக்குக் காலைல வண்டியக் கொண்டாங்க."

"எதுக்கு?"

"சும்மாதான்."

"சும்மாவா? பெட்ரோலு ஒங்க மாமனா ஊத்துவாரு?" சேவுகன் சிரித்தான். "வாரேன், வாரேன். அரண்மனை வாசல்ல நவராத்திரிக்குக் குடுக்குற அம்மன் காசுக்குக் கூட்டம் முண்டுது, இங்கிட்டு ரோடு காலியாக் கெடக்கு. பாரு, பறந்துருவேன்."

"மெதுவாப் போங்கண்ணே."

அவ்வளவுதான் சொன்னான். பிறகு எத்தனையோ நாள் அந்த இடத்தை மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறான். ஒவ்வொரு தடவையும் வேறு வார்த்தை வாயில் வந்தது. அன்றைக்கு வந்தது அது மட்டும்தான்.

மறுநாள் பத்து மணிக்குத் திருமயம் பஸ் கண்டக்டர் செய்தியைக் கொண்டுவந்தான். முந்தின நாள் சாயங்காலம், கோவிலுக்குப் போகும் வழியில், கடியாபட்டியைத் தாண்டி, கண்மாய்க் கரை வளைவில் செட்டியார் கார் சரிந்துவிட்டது. பின்பக்கம் ஒரு பக்கமாக நழுவி, வண்டி கரையில் இறங்கி, பனைமரத்தில் மோதி நின்றது. செட்டியாருக்கு நெற்றியில் காயம். அவருடைய தாயார், எழுபது வயது ஆச்சிக்கு, இடுப்பு முறிந்துவிட்டது. டிரைவருக்குத் தோள்பட்டை.

"பூசை நாளுல்ல, நல்லா ஊத்திக்கிட்டிருப்பான்" என்றான் கண்டக்டர்.

அப்படியில்லை என்று ஒருத்தரும் சொல்லவில்லை. மத்தியானத்துக்குள் அதுவே நடந்ததாகிவிட்டது.

இரண்டு ஜோடி மாடு பூட்டி வண்டியைப் பட்டறைக்கு இழுத்துவந்தார்கள். சூசைராஜ்தான் முதலில் அடியில் நுழைந்தான். இடது பக்கக் கட்டில் ஒரு நட்டு இல்லவே இல்லை. இன்னொன்று போல்ட்டின் கடைசி மரையில் தொங்கிக்கொண்டிருந்தது. பழக்க தோஷத்தில் நகத்தை வைத்தான். இழுக்க இடமில்லை.

வெளியே வந்தபோது ரத்தினவேல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"மரத்துல மோதுன வேகத்துல கழண்டிருக்கும்" என்றார் ரத்தினவேல்.

சூசைராஜ் பழந்துணியால் விரலைத் துடைத்தான்.

"கழண்டிருக்கும்ல?"

"இருக்கும்."

"எட்டுக் குடும்பம்டா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அவர் நகர்ந்தார்.

சமஸ்தானப் போலீசிலிருந்து ஒருவர் வந்து விசாரித்தார். நாற்காலியில் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டே, "ஸ்பிரிங் மாட்டினது யாரு?" என்று கேட்டார்.

"நான்தாங்க."

"எட்டு நட்டும் முறுக்கினியா?"

"முறுக்கினேங்க."

அவர் எழுதிக்கொண்டார். அது பொய்யில்லை. கட்டைமேல் நிற்கும்போது எட்டையும் முறுக்கியது வாஸ்தவம். பொய் சொல்லியிருந்தால்கூடத் தேவலை, பொய் என்று ஒன்றைத் தனியாக எடுத்து வைத்துப் பார்க்கலாம். இது உண்மைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.

ஐப்பசி மழையில் ஒருநாள் சேவுகன் வந்தான். கை கழுத்தில் கட்டிய துணித் தூளியில் தொங்கியது. செட்டியார் வீட்டில் வேலை போய்விட்டது. லைசென்சைப் போலீசு வாங்கி வைத்துக்கொண்டிருந்தது. வேப்பமரத்தடியில் நனைந்தபடியே நின்றான், கொட்டகைக்குள் வரவில்லை.

"சூசை, அடுத்த வாரம் வழக்கு. நான் குடிச்சேன்னு எழுதியிருக்காக. நீ அன்னிக்குக் காலைல என் மூஞ்சிக்கு நேரா நின்னு பேசுனவன். வாடை அடிச்சுச்சா?"

"இல்லண்ணே."

"அதை வந்து சொல்லு. வேற ஒண்ணும் சொல்ல வேணாம்."

கொட்டகைக்குள்ளிருந்து ரத்தினவேல் இருமினார்.

"வேலை கெடக்குண்ணே" என்றான் சூசைராஜ். "பாப்பம்."

சேவுகன் நட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வண்டி எப்படி நழுவியது என்று கேட்கவில்லை. அவன் திட்டியிருந்தால், சட்டையைப் பிடித்திருந்தால், சூசைராஜுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். மழையில் அவன் முதுகு போவதைப் பார்த்தபோது, எல்லாம் தெரிந்தும் பெருந்தன்மையாக விட்டுவிட்டுப் போகிறான் என்றுதான் தோன்றியது. அது தாங்கவில்லை.

வழக்கு நாளில் சூசைராஜ் போகவில்லை. காலையிலிருந்து ஒரு லாரியின் அடியில் படுத்துக்கொண்டு, முறுகிய நட்டுகளையே திரும்ப முறுக்கிக்கொண்டிருந்தான். சேவுகனின் லைசென்சை ரத்து செய்தார்கள்.

அதற்குப் பிறகு சூசைராஜ் கோவிலில் சாமியார் நாவில் வைக்கும் அப்பமான நன்மையை வாங்கப் போவதை நிறுத்திவிட்டான். ஞாயிற்றுப் பூசைக்குப் போவான், கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நிற்பான், எல்லோரும் எழுந்து பீடத்துக் கிராதிக்குப் போகும்போது அவன் மட்டும் தரையைப் பார்ப்பான். வீட்டிலும் கதவுத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, இரண்டு முறை எழுந்துபோய்த் தடவிப் பார்ப்பான்.

பாஸ்கா என்கிற ஈஸ்டருக்கு முந்தைய நோன்பான தபசு காலம் வந்தது. மனைவி ஞானமணி ஒருநாள் சாம்பார் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"கிறிஸ்துமசுக்கும் நன்மை வாங்கல. நானும் கேக்காம இருந்தேன். பாஸ்காவுக்குமா வாங்க மாட்டீங்க?"

"உடம்பு சரியில்ல."

"நாலு மாசமாவா? சோறு மட்டும் எறங்குது." கரண்டியைச் சட்டிக்குள் போட்டாள். "எவளையாச்சும் வச்சிருக்கீங்களா? சொல்லிப்புடுங்க. அழுதுட்டாவது வேலையப் பாப்பேன்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கியது வேறு மாதிரி முடிந்தது. இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் அவளிடம் சொன்னான். செவ்வரளிப் பூவைக்கூடச் சொன்னான். ஞானமணி சட்டியை மூடி வைத்தாள். பிறகு, "அந்தாளு பொண்டாட்டி இருளாயி வெறகு விக்க வருது, சந்தைப்பேட்டைல பாத்தேன்" என்றாள். "நான் அதுகிட்ட வாங்காம இங்கிட்டு வந்துட்டேன். ஏன்னு தெரியல. இப்பத் தெரியுது."

அந்தச் சனிக்கிழமை, சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனான். சாமியார் கேட்டு முடித்துவிட்டு, "இதை எங்கிட்டச் சொன்னா எனக்குத் தெரியும், கடவுளுக்கு முன்னாடியே தெரியும். தெரிய வேண்டியவங்க வேற ஆளுக இல்லியா?" என்றார். பாவ மன்னிப்பை அன்று தரவில்லை. போய்ச் சொல்லிவிட்டு வா என்றார்.

மறுநாள் ராயவரம் பஸ் ஏறினான்.

செட்டியார் வீட்டு முகப்பில் நின்று சொன்னான். சாய்வு நாற்காலியிலிருந்து செட்டியார் எழுந்திருக்கவில்லை. பூசை, பலகை, சாவி, முறுக்காத இரண்டு சுற்று எல்லாம் கேட்டார். கேட்கக் கேட்க நெற்றித் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இதை அன்னிக்கே சொல்றதுக்கு என்ன வந்துச்சு?"



உள்ளே, முற்றத்தைச் சுற்றிய வளவில் கட்டிலில் படுத்திருந்த ஆச்சியின் குரல் வந்தது. "யாருடா அது? இங்கிட்டு வரச் சொல்லு."

கிழவி படுத்த படுக்கைதான். குரல் மட்டும் எழுந்து நின்றது. அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீதான் அந்த வேதக்காரனா? ஏண்டா, அந்தச் சாவிய எடுத்திருந்தா சரஸ்வதி ஒன்னை என்னடா பண்ணியிருப்பா?"

"தெரியல ஆச்சி."

"தெரியலையா! எம்மகனுக்கு ரெண்டு வயசுல பூசையன்னிக்கு வயித்தால போச்சு. கஞ்சி வைக்கணும்னு பூசையில வச்ச அருவாமனையத் தூக்கிட்டுப் போயி வாழைக்காய் நறுக்குனேன். இந்தா ஒக்காந்திருக்கான் தடியன். அவ என்னைய ஒண்ணும் கேக்கல. ஒன்னைய மட்டும் கேட்டுருவாளோ?"

சூசைராஜ் கட்டில் காலருகே உட்கார்ந்துவிட்டான். கிழவி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "பாவம், அந்தச் சேவுகன். அவன் குடிக்கலடான்னு நான் சொன்னேன். கிழவி பேச்சு எவனுக்கு வேணும்? போ, எழுதிக் குடுத்துட்டுப் போ."

செட்டியார் கணக்கப்பிள்ளையை விட்டு எழுதச் சொன்னார். சூசைராஜ் கையெழுத்துப் போட்டான். பட்டறைக்கு அவனுக்கு முன்னால் செய்தி போய்விட்டிருந்தது. ரத்தினவேல் சத்தம் போடவில்லை.

"நீ யோக்கியனாயிட்டே. சந்தோசம்" என்றார். "நானும் அந்த நட்டைப் பாத்தவன்தான். அதையும் எழுதிக் குடுத்தியா?"

"இல்ல முதலாளி."

"ஏன்?"

"நான் செஞ்சதத்தான் எழுதுனேன்."

 "நாளையிலேருந்து வராதே" என்றார்.

சேவுகனிடம் சொல்வதுதான் பாக்கி. வல்லத்திராக்கோட்டையில், அவன் யாருடைய கிணற்றிலோ தண்ணீர் இறைக்கும் கமலை ஓட்டிக்கொண்டிருந்தான். வடக்கயிற்றில் உட்கார்ந்து மாட்டைச் சரிவில் இறக்குவதும், பின்னால் நடத்தி ஏற்றுவதுமாக இருந்தான். சூசைராஜ் கிணற்று மேட்டில் நின்று, சால் ஏறி இறங்கும் சத்தத்துக்கு நடுவே, விட்டு விட்டுச் சொன்னான்.

"எட்டு நட்டும் ஒரு முறுக்குத்தாண்ணே முறுக்கியிருந்தேன். ஒங்களத் தெரிஞ்சே அனுப்பிட்டேன். ஒங்க பொழப்புல மண்ணப் போட்டது நான்."

சேவுகன் மாட்டை நிறுத்தினான். முகம் ஒரு மாதிரி ஆனது. கோபம் வரப்போகிறது என்று சூசைராஜ் காத்திருந்தான். அடித்தாலும் வாங்கிக்கொள்வதாகத்தான் வந்திருந்தான்.

"சூசை, நானும்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான் சேவுகன். வடக்கயிற்றைப் பிடித்துக்கொண்டான். "எழுதியே குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன்."

"சரி போ. மாடு நிக்குது."

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சூசைராஜ் அதைக் கேட்கவும் இல்லை. பாஸ்காவுக்கு நன்மை வாங்கினான். வாங்கியும் லேசாகவில்லை.

நாலு மாதத்தில் சேவுகனுக்கு லைசென்சு திரும்பக் கிடைத்தது. செட்டியார் வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. அறந்தாங்கி, ஆவுடையார்கோவில் பக்கம் போகும் பஸ் ஒன்றில் டிரைவராகச் சேர்ந்தான். சூசைராஜுக்கு எந்தப் பட்டறையிலும் வேலை கொடுக்கவில்லை. செய்த தப்பை எழுதிக் கொடுக்கிற பிட்டரை எவன் வைத்துக்கொள்வான்? கடைசியில் ஆவுடையார்கோவில் ரோட்டில் ஒரு நெல் மில்லில் எஞ்சின் பார்க்கும் வேலை கிடைத்தது. தவிட்டுத் தூசியில் தலை வெளுத்து, நாற்பது வயதுக்குள் கிழவனாகத் தெரிந்தான்.

சேவுகனின் பஸ் தினம் இரண்டு முறை மில் வாசலைத் தாண்டிப் போகும். சத்தம் கேட்டதும் சூசைராஜ் வெளியே வந்து நிற்பான். சேவுகன் ஒரு நாளும் நிறுத்தியதில்லை. நேராக ரோட்டையே பார்த்துக்கொண்டு போவான். ஏழு வருஷம் அப்படிப் போனான். அவன் கோபம் இன்னும் ஆறவில்லை, ஆற வேண்டியதும் இல்லை என்று நினைத்துச் சூசைராஜ் உள்ளே திரும்புவான். ஒருமுறை ஞானமணி, "நீங்க ஏன் தினம் போயி நிக்கிறீங்க? அவரு பாக்கவா போறாரு?" என்று கேட்டாள். "அவரு பாக்கணும்னு நிக்கல" என்றான். வேறு எதற்கு என்று அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை.

நாற்பத்தொன்பதாம் வருஷம் மாசியில், விஷக் காய்ச்சலில் சேவுகன் இறந்துபோனான். மில்லில் லீவு கிடைத்துச் சூசைராஜ் வல்லத்திராக்கோட்டைக்குப் போகும்போது பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது. வாசலில் இருளாயி புளி கொட்டிக்கொண்டிருந்தாள். யார் என்று சொன்னதும், கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஒங்களத்தாங்க கடைசில தேடுனாக. கூட்டியாரச் சொல்லட்டான்னேன். வேணாம், அவன் மூஞ்சியப் பாக்க முடியாதுன்னுட்டாக."

"தெரியும் தங்கச்சி. நான் செஞ்சது அப்படி."

இருளாயி அவனை விநோதமாகப் பார்த்தாள். பிறகு, புளியங்கொட்டைகளைக் காலால் ஒதுக்கிக்கொண்டே, புருஷன் சாவதற்கு இரண்டு நாள் முன்பு வரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். அன்றைக்குக் கடியாபட்டிக்கு முன்னாலேயே பின்பக்கம் ஏதோ தட்டுகிற சத்தம் அவருக்குக் கேட்டதாம். வண்டியை நிறுத்தி அடியில் நுழைந்து பார்த்தாராம். பாதி கழன்றிருந்த அந்த நட்டை விரலாலேயே முடிந்தமட்டும் திருகிவிட்டு, ஒன்றுமில்லை ஆச்சி என்று சொல்லி மறுபடி ஏறி ஓட்டினாராம். நட்டு முறுக்கும் சாவிகள் போட்ட வண்டிப் பை அன்றைக்குச் செட்டியார் வீட்டுப் பூசைப் பலகையில் இருந்ததாம்.